பதினெட்டாம் நிரந்தர அமைதி

உலகத்து ராணுவங்கள் எங்கோ ஒரு தடவை அமைதியைக் கொண்டு வந்துவிட்டு, அதையே காலமெல்லாம் சொல்லித் திரிகின்றன. எங்கள் வட்டார ராணுவ அலுவலகம் அப்படிப்பட்ட சோம்பேறி அல்ல. தெய்ர் ஹம்லா என்ற ஒரே அரபுக் கிராமத்துக்கு மட்டும் பதினேழு முறை 'நிரந்தர அமைதி'யை நிலைநாட்டியிருக்கிறோம். பதினேழுக்கும் அரபு மொழிபெயர்ப்பாளன் நானே. அம்மா பாக்தாத் யூதப் பெண் என்பதால் எனக்கு அரபு வீட்டுப் பேச்சு.

பதினேழாவது மிகவும் விசேஷமானது. அந்த ஊர்த் துப்பாக்கிக்காரர்கள் எங்கள் ஜீப்பைச் சுட்டார்கள். ஓட்டுநர் செத்துப்போனான், இருபது வயசு. நிரந்தர அமைதிக்காகவே சுட்டதாகத் துண்டறிக்கையும் போட்டார்கள். ஆக, கொள்கையில் இரு தரப்புக்கும் வேறுபாடே கிடையாது. பதிலுக்கு நாங்கள் சாலையோர ஒலிவ மரங்களை புல்டோசரால் சாய்த்து, ஊரையும் தோப்பையும் பிரிக்கும் எங்கள் வேலியிலிருந்த இரும்பு வாசலைப் பூட்டினோம். ஊர் கப்சிப். அந்த நிரந்தரம் ஒன்பது வாரம் நீடித்தது.

அப்போதுதான் கர்னல் ரவிவ் பொறுப்பேற்றார். படித்த மனிதர். சண்டை போட்ட இரண்டு வீடுகள் காபி குடித்தால் சமாதானம் ஆகிவிடும் என்பது அரபு வழக்கம் என்று எங்கோ படித்திருந்தார். "ஏன் ஸாஸோன், இத்தனை வருஷமா இதை ஒருத்தரும் சொல்லலியே?" என்று என்னைக் கடிந்துகொண்டார். பதினெட்டாம் அமைதியைக் காபி வழியாகக் கொண்டு வருவதென்று கூட்டம் போட்டு முடிவாயிற்று. நான்கு ஜீப், பதினாறு வீரர்கள், ஒரு தெர்மாஸ் ஒதுக்கப்பட்டன.

போனது ஊர்ப் பெரியவர் அபூ ராத்திப் வீட்டுக்கு. அவருக்கு மிச்சமிருந்த நாற்பது மரங்களும் பூட்டிய வாசலுக்கு அந்தப் பக்கம். அறுவடைக் காலம். காய் உதிர்ந்து மண்ணாகப் போவதற்குள் வாசல் திறக்க வேண்டும், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். கர்னலுக்கு வேண்டியது, ஊர் இனி என்றென்றும் அடங்கியிருக்கும் என்று ஒரு கையெழுத்து.

அந்த மனிதர் வீட்டிலேயே, எங்கள் தெர்மாஸ் காபியை ஊற்றி அவர் முன்னால் வைத்தார் கர்னல். கதவருகே நான்கு துப்பாக்கிகள் மரியாதையாக நின்றன.

"குடிக்கச் சொல்லு."

அபூ ராத்திப் கோப்பையைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பினார். அங்கே ஆளை, மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி அவனுடைய 'அபூ', அதாவது அப்பா, என்றுதான் கூப்பிடுவார்கள்; என் மூத்தவன் யோதாம்.

"அபூ யோதாம், ஒரு வீட்டுக்கு ஒண்ணைக் கேட்டு வர்றவங்கதான் காபியைத் தொடாம வைப்பாங்க. வீட்டுக்காரன் 'கேட்டதைக் குடுத்தேன், குடிங்க'ன்னு சொன்னப்புறம்தான் குடிப்பாங்க. இவரு இன்னும் ஒண்ணுமே கேக்கலியே. கேக்கச் சொல்லுங்க. நானும் ஒண்ணு கேக்கறேன், வாசலைத் தொறந்து விடட்டும். காபி நான் போடறேன்."

பதினெட்டு அமைதிகளில், அமைதிக்குச் சம்பந்தமான ஒரு பேச்சை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கர்னல் பேனா மூடியைத் திறந்துவிட்டிருந்தார்.

"என்ன சொல்றாரு?"

"காபி சூடா இருக்காம்."

கர்னல் பெருந்தன்மையோடு ஐந்து நிமிடம் ஆறவிட்டார். பிறகு மறுபடி குடிக்கச் சொன்னார். அபூ ராத்திப் துப்பாக்கிகளைப் பார்த்தார், உள்ளறையில் நின்ற மனைவியைப் பார்த்தார், ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். புகைப்படம் எடுத்தோம்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, பையன் எப்படி இருக்கிறான், பட்டாளத்துக்குப் போகிற வயசாயிற்றே என்று விசாரித்தார். பயிற்சி முடிந்துவிட்டது, அடுத்த மாதம் காவலுக்குப் போகிறான் என்றேன். எந்த இடத்துக்கு என்று கேட்டார். இந்த வாசலுக்குத்தான். இன்னும் தெரியவில்லை என்றேன்.

வாசல் திறக்கவில்லை. காய் உதிர்ந்தது. பதினெட்டு அமைதியையும் 'சிக்கல் ஏதுமின்றி மொழிபெயர்த்தமைக்காக' அலுவலகம் எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. அந்தச் சாலையில் என் அப்பா காவல் நின்றார், நான் நின்றேன், இனி யோதாம். நிரந்தரம் என்ற சொல்லில் மட்டும் நாங்கள் பொய்யே சொன்னதில்லை.

போகிற அன்று காலையில் யோதாம் குண்டு துளைக்காத சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டான், "அப்பா, போட்டோ எடுத்த அன்னிக்கு அந்தப் பெரியவர் ஏதாவது சொன்னாரா?"

"காபி சூடா இருக்குன்னாரு" என்றேன்.