ஆணியில் மாட்டிய மஞ்சப்பை

எனக்குக் குழப்பம் வந்தால் கை சும்மா இருக்காது. எதையாவது எடுத்து இடம் மாற்றி வைத்துவிடும். அப்படி ஒரு நாள் மாற்றி வைத்ததில், உயிரோடிருந்த அப்பாவைத் தரையில் கிடத்திவிட்டேன்.

அப்பா போடிமெட்டு ஏலத்தோட்டத்தில் முப்பது வருடம் ஓஸ் போட்டவர். ஓடைத் தண்ணீரை ரப்பர் குழாயில் சரிவு பார்த்துச் செடிக்குச் செடி இறக்கிக் கொண்டுபோகிற சோலி. போன வருடம் சிறுநீர் அடைத்து, அவருக்கே ஓஸ் போட வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் டியூப்பைச் செருகி, முனையில் ஒரு பையையும் மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரம் ஒருமுறை வரும் நர்ஸ் ஷகிலா எனக்குப் பாடம் நடத்தியது. ("வெளங்குச்சாண்ணே?" "வெளங்குச்சும்மா." நான் பையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரங்கணி மலையில் சாயங்கால வெயில் விழுகிற அதே நிறம்!)

ஒரு ஞாயிறு, தேவாரத்திலிருந்து மாமனாரும் மாமியாரும் அப்பாவைப் பார்க்க வந்தார்கள். கட்டில் சட்டத்தில், வருகிறவர் கண்ணில் படுகிற மாதிரி அந்தப் பை. எனக்குக் கூச்சம். வெரசாகச் சட்டத்திலிருந்து எடுத்து, டியூப் மாட்டினபடியே மஞ்சப்பைக்குள் போட்டு, கட்டிலுக்கு மேலே சுவர் ஆணியில் மாட்டினேன். எங்கள் வீட்டில் எல்லாப் பையும் ஆணியில்தானே தொங்குகிறது?

காபி ஆயிற்று, சாப்பாடும் ஆயிற்று. அப்பா நெளிந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"தண்ணி மேடேறாதுடா" என்றார்.

"என்னப்பா?"

"மேட்டுல கட்டுனா எப்பிடிடா வரும்? சரிவு வேணும்டா, சரிவு!"

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "பழைய சோலியெல்லாம் ஞாபகத்துக்கு வருதே மாப்ளே. எங்கய்யாவுக்கும் கடைசியில இப்பிடித்தான்."

தண்ணீர் மேடேறாது... ஒரு வாழ்க்கையே அதில் இருக்கிறதே! (வசனகவிதை எழுதுகிறவனுக்கு இந்த வியாதி உண்டு.) காலண்டர் தாளைக் கிழித்து, அழுதுகொண்டே எழுதி வைத்தேன்.

"கட்டில்ல வச்சு உசுரு போகக்கூடாது. தரையில எறக்குவோம்" என்றார் மாமனார். இரண்டு பேருமாகத் தூக்கிப் பாயில் கிடத்தினோம். பை மட்டும் ஆணியிலேயே இருந்தது. டியூப் கொடிக்கயிறு மாதிரி விறைத்தது. அப்பா போட்ட கூச்சல், கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு பிரேக் அடித்த மாதிரி இருந்தது. சாகப்போகிறவருக்கு இவ்வளவு குரலா? எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

நல்லவேளை, ஷகிலாவுக்கு என் மனைவி போன் போட்டிருந்தாள். வந்த பெண் தரையைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது.

"அண்ணே, அந்த மஞ்சப்பையில என்ன?"

நான் காலண்டர் தாளைப் பார்த்தேன்.

ஷகிலா பையை எடுத்துத் தாழ்த்திப் பிடித்தது. சலசலவென்று ஓடைச் சத்தம். அப்பாவின் முகம் அவிழ்ந்தது. பழையபடி கட்டிலில் ஏற்றிப் படுக்கவைத்து, பையைச் சட்டத்தில் மாட்டினோம்.

"மேல மாட்டுனா எறங்காதுண்ணே. ஏற்கெனவே எறங்குனதுகூட உள்ள திரும்பிப் போயி காச்சலக் கொண்டாந்துரும். அன்னிக்கே சொன்னேனா இல்லியா?"

ஷகிலா போன பிறகு அப்பாவிடம் கேட்டேன்: "பையை எறக்குன்னு நேராச் சொல்லியிருக்கலாமேப்பா?"

"சம்பந்தியம்மா முன்னாடி மூத்திரப் பையப் பத்திப் பேசச் சொல்றியா? ஓஸ்காரன் மகனாச்சே, நீ ஒரு வார்த்தையில புடிச்சுக்கிருவேன்னு நெனச்சேன்."

இப்போது டியூப் இல்லை. ஆபரேஷன் முடிந்து, அப்பா கடைத்தெரு வரை நடக்கிறார். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி டம்ளரைக் கையில் கொடுத்ததுமே என்னைக் கூப்பிடுவார்.

"டேய், அந்தக் காலண்டர் தாளைக் கொண்டா. என் கடைசி வார்த்தையப் படிச்சுக் காட்டு."

நானும் எழுந்து நின்று படிக்கிறேன்.

"அழுதுக்கிட்டே படிடா. அன்னிக்கு அப்பிடித்தான எழுதுன?"