நிற்க விடாத பரிசல்காரர்

மனிதன் இரண்டு காலில் எழுந்து நின்றதுதான் அவன் செய்த முதல் தப்பு என்று உறுதியாக நம்பிய ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, எங்கள் ஊர் அணைக்கரையில் பரிசல் போட்டிருந்த குந்துக்காரர்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. பரிசலில் கால் வைக்கிறவர் யாராக இருந்தாலும் "குந்து!" என்று ஓர் அதட்டல் போடுவார். அந்த அதட்டலே அவருக்குப் பெயராகிவிட்டது.

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு பாஷை மட்டும் பேசிக் காலம் தள்ள முடியாது. சந்தைக்குப் போகிற கூட்டத்தில் தமிழும் இருக்கும், கன்னடமும் தெலுங்கும் உருதுவும் இருக்கும். முகத்தைப் பார்த்துப் பாஷையைத் தேர்ந்தெடுக்கிற பொறுமை குந்துக்காரருக்குக் கிடையாது. "குந்து! கூத்கோ! கூர்ச்சோ! பைட்டோ!" என்று நாலு பாஷையையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுவார்.

"நான் பொறந்து வளந்ததே காவேரிப்பட்டணம். எனக்குத் தமிழ் தெரியாதா? எதுக்குய்யா பைட்டோ?" என்று துணி வியாபாரம் செய்யும் சாயபு ஒருநாள் கோபித்துக்கொண்டார்.

"எதுல சொன்னா என்னா பாய்? குந்தணும், அவ்ளோதான்."

அணை கட்டி, தென்பெண்ணைத் தண்ணீர் முதன்முதலாகத் தேங்கி நின்ற காலம் அது. எங்கள் பழைய ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. நாங்கள் மேட்டுக்குக் குடியேறினோம். கிணற்றில் குதித்து நீந்தத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள். ஆனால் நேற்றுவரை கேழ்வரகு விளைந்த நிலத்தின் மேல் இடுப்புயரத்துக்கு அலை எழும்பும் என்று யாரும் கனவில்கூட நினைத்ததில்லை. டவுனுக்குப் போகிற வண்டிப்பாதையும் மூழ்கிப் போனதால், காவேரிப் பக்கமிருந்து மீன் பிடிக்க வந்த பரிசல்காரர்கள் பகலில் ஆட்களையும் ஏற்றிப் போனார்கள். அவர்களில் ஒருவர்தான் குந்துக்காரர். ஊர் பார்த்துக் கொடுத்த இடத்தில், கரையோரமாக ஒரு குடிசை போட்டுக்கொண்டு இருந்தார்.

நான் அப்போது டவுன் ஹைஸ்கூலில் ஐந்தாம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதை ஊரில் ஒருவரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டேன். குந்துக்காரர் மட்டும் அதைக் கடைசிவரை கவனிக்கவே இல்லை.

பரிசல் வட்டமானது. அதற்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஒரு பக்கம் கனத்தால் அந்தப் பக்கமாகத் தண்ணீரை அள்ளிக் குடித்துவிடும். ஆகையால் குந்துக்காரர் மனிதர்களை மனிதர்களாகப் பார்ப்பதில்லை, பாரமாகத்தான் பார்ப்பார். என் அம்மா முதல்தடவை ஏற வந்தபோது, ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்தம்மா ரெண்டு மூட்ட கேவுரு. எதிர்ப்பக்கம் ரெண்டு ஆளு வாங்க!" என்று கரை முழுக்கக் கேட்கக் கூவினார். அதற்குப் பிறகு அம்மா டவுனுக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

என் கதை அதைவிட மோசம். ஒருநாள் காலை பரிசலில் இரண்டு ஆடுகள் இருந்தன.

"தாயி, நீ ஆட்டுக்கு எதிர்ல குந்து."

"நான் ஹைஸ்கூல்ல படிக்கிறவ. ஆட்டுக்கு எதிரா உக்காரணுமா?"

"படிப்பு எடைல சேராது தாயி. ஆடே உன்ன விடக் கனமா இருக்கு. வூட்டுல நல்லா சாப்புடு."

மற்ற பரிசல்காரர்கள் மீனுக்குப் போனால் எழுந்து நின்று, இடுப்பைச் சுழற்றி, வலையைக் குடைபோல விரித்து வீசுவார்கள். இவர் முட்டிபோட்டபடியே வீசுவார். வலை பாதி விரிந்தும் விரியாமலும் போய் விழும். "குந்துக்காரரே, அதுல கண்ணு தெரியாத மீனுதான் மாட்டும்" என்று கேலி செய்வார்கள்.

"மாட்டுனது போதும்டா. நான் மீனப் புடிக்கறேன். மீனு என்னப் புடிக்க வாணாம்."

மத்தியானத்துக்கு மேல் மேற்கு மலைப்பக்கமிருந்து காற்று இறங்கும். தண்ணீர் சாம்பல் நிறமாகும். அப்புறம் கலெக்டரே வந்து கூப்பிட்டாலும் நடக்காது. பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அப்படியும் சில நாள் காற்று முந்திக்கொண்டு நடுத்தண்ணீரில் பிடித்துவிடும். அப்போது சொந்தக் கரைக்கே போகவேண்டும் என்று அவர் அலையோடு மல்லுக்கட்டமாட்டார். எல்லோரையும் நடுவே நெருங்கி அமுங்கி உட்காரச் சொல்வார். கயிற்றில் கட்டிய கல் ஒன்றைப் பின்னால் இழுபட விட்டுப் பரிசல் பம்பரமாகச் சுழலாமல் பார்த்துக்கொள்வார். காற்று எந்தக் கரைக்குத் தள்ளுகிறதோ அந்தக் கரைக்குப் போய்ச் சேருவார். இப்படித்தான் ஒருமுறை, சந்தைக்குப் புறப்பட்டவர்களை அவர்கள் பார்த்தே இராத ஓர் இடத்தில் கொண்டுபோய் இறக்கினார்.

"இது எந்த ஊருய்யா?" என்று ஒருவர் அழாக்குறையாகக் கேட்டார்.

"உசுரோட இருக்கற ஊரு. எறங்கு."

எங்கள் ஊர் அண்ணன் தம்பி இருவர், இந்த ஆளிடம் திட்டு வாங்க முடியாது என்று சொந்தமாக ஒரு பரிசல் வாங்கினார்கள். ஒருநாள் வலை கனத்தது. இருவரும் ஒரே பக்கமாக எழுந்து நின்று இழுத்தார்கள். பரிசல் தொப்பி மாதிரி அவர்கள் தலையில் கவிழ்ந்தது. அதைப் பார்த்துவிட்டுக் குந்துக்காரர் வந்த வேகத்துக்குத் துடுப்பே முறிந்திருக்கும். ஆனால் கிட்டே போனதும் அவர்களை உடனே தூக்கிவிடவில்லை. கவிழ்ந்த பரிசலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த இருவரையும் சுற்றி ஒரு வட்டம் வந்தார்.

"இப்ப நில்லுங்கடா பாக்கலாம்! ஏன் நிக்கல? நில்லு!"

"தூக்குங்க குந்துக்காரரே! இல்லன்னா நாங்க நீந்தியே போறோம்!"

"டேய், கைய எடுத்தன்னா கொன்னுடுவேன்! கவுந்தாலும் பரிசல் மெதக்கும். நீ மெதக்க மாட்ட."

வலையை அறுத்து விட்டுவிட்டு, ஒருவனை இந்தப் பக்கமாகவும் இன்னொருவனை அந்தப் பக்கமாகவும் மாற்றி மாற்றி இழுத்துப் போட்டார். அண்ணன்காரன் கரை சேரும்வரை வலைக்காக அழுதான்.

இதெல்லாம் தண்ணீரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ராயக்கோட்டை பஸ்ஸில் ஒருமுறை ஏறினார். நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சனங்கள் நிற்பதைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்.

"யோவ், இது தரைல போற வண்டி!" என்றார் கண்டக்டர்.

"தரைன்னா கவுழாதா?"

ராயக்கோட்டைக்கு நடந்தே போனார். பஸ் சௌகரியமாகப் போய்ச் சேர்ந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான் என்று நினைக்கிறேன்.

"என்னாத்துக்கப்பா இவ்ளோ பயம்?" என்று என் அப்பா ஒருமுறை கேட்டார். குந்துக்காரர் பரிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். "காவேரில எழுந்து நின்னவங்க பேரச் சொல்ல ஆரம்பிச்சா பொழுது போயிரும்ங்க" என்றார். ஒரு பெயரையும் சொல்லவில்லை. தாரைத்தான் பூசினார்.

அவருக்கும் ஊருக்கும் தகராறு அம்மனால் வந்தது. அம்மன் சிலையை மேட்டுக்குக் கொண்டுவந்து புதுக் கோயில் கட்டியாயிற்று. ஆனாலும் பழைய கோயில் இருந்த இடம் பழைய கோயில்தானே? அங்கிருந்த புளியமரத்தின் மொட்டை உச்சி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். எங்கள் ஊர் வழக்கம், கோயிலைத் தாண்டிப் போகிறவர் தலையில் சுமை இருந்தாலும் நின்று, தோள்துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட வேண்டும். வண்டியில் போகிறவர் இறங்கி நிற்க வேண்டும். பரிசலிலிருந்து இறங்க முடியாது. ஆகவே எங்கள் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். அத்தனை பேரும், மரம் இருக்கிற ஒரே பக்கத்தைப் பார்த்து.

"குந்து! குந்திகிட்டு கும்புடு!"

"அம்மனக் குந்திகிட்டா கும்புடுவாங்க? மரியாத தெரியாத ஆளா இருக்கியே!"

"ஆத்தா அடியில இருக்கா. கவுந்தா நேர்லயே போயி கும்புடலாம். போலாமா?"

பேச்சில் தீரவில்லை என்று தெரிந்ததும், மரத்தை விட்டு விலகி நெடுஞ்சுற்றாகப் பரிசலை ஓட்ட ஆரம்பித்தார். அம்மன் முகத்தில் விழிக்கப் பயப்படுகிறான் என்று ஊரில் பேச்சு கிளம்பியது.

அந்த ஆடியில் பண்டிகை வந்தது. மாவிளக்கைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. "விடிஞ்சதும் வந்துருங்க. ஆடி மாசம், மத்தியானம் ஆகாது" என்று குந்துக்காரர் சொல்லியனுப்பினார். மேளக்காரர்கள் தாமதம். அப்புறம் பூ வரவில்லை. எல்லாம் கூடி வந்தபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. கரைக்கு வந்து பார்த்தால், பரிசல் கவிழ்ந்திருந்தது, அதன்மேல் அவர்.

கோயிலில் முதல் மரியாதை பெறுகிற ஊர்க்கவுண்டர் முன்னால் வந்தார். "குடிச போட எடம் குடுத்தது இந்த ஊரு. இன்னிக்கி நீ வரலன்னா நாளைக்கி எடத்தக் காலி பண்ணிக்க."

குந்துக்காரர் மேற்கே பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். "காத்து எறங்கறதுக்குள்ள போயி ஒடனே திரும்பணும். ஒருத்தரும் எழுந்திரிக்கக் கூடாது. அம்மன் மேல சத்தியம் பண்ணுங்க" என்றார். ஊர்க்கவுண்டர் சத்தியம் செய்தார்.

பரிசலில் ஊர்க்கவுண்டர், பூசாரி, என் அப்பா, மாவிளக்குத் தட்டு ஏந்திய பெண்கள் இருவர். அதில் ஒருத்தி நான். புளியமரத்தை நெருங்கும்போதே காற்று இறங்கிவிட்டது. பூசாரி குனிந்து கற்பூரத்தைப் பற்றவைத்து மணியை அடித்தார். ஊர்க்கவுண்டரின் கை தோள்துண்டுக்குப் போனது. சத்தியத்தை மீறினார் என்று சொல்லமாட்டேன். சின்ன வயதிலிருந்து அந்த மணி கேட்டால் எழுந்து பழகிய கால்கள் அவை, தாமாகவே எழுந்தன. அவரைப் பார்த்து அப்பா எழுந்தார். பூசாரியும் எழுந்தார். விளிம்பு சாய்ந்து என் மடியில் தண்ணீர் வந்து விழுந்தது.

"குந்து!" என்ற சத்தம் காற்றில் போயிற்று. அடுத்த கணம் ஊர்க்கவுண்டரின் முழங்காலுக்குப் பின்னால் துடுப்பின் பட்டைப்பக்கம் விழுந்தது. அவர் அப்படியே உட்கார்ந்தார், என் பக்கத்துப் பெண் கீழே வைத்திருந்த மாவிளக்கின் மேல். விளக்கு அணைந்தது. வேட்டி புகைந்தது. மற்ற இருவரும் பயத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"தாயி, தட்டால மொண்டு ஊத்து! ம், ஊத்து!"

அம்மனுக்கென்று எடுத்துப்போன தட்டால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினேன். அவர் கல்லைப் பின்னால் போட்டுவிட்டு, முட்டிபோட்டுக்கொண்டு, காற்று தள்ளிய பக்கமே பரிசலை விட்டார். ஒவ்வோர் அலையும் எங்களைத் தூக்கும்போது அவர் வாய் எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தது. கீழ்க்கரையில் முள்ளுக்காட்டில் போய் இறங்கினோம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஊர்க்கவுண்டருக்கு மட்டும் அன்று முழுக்க உட்கார முடியவில்லை.

மறுநாள் புதுக் கோயில் முன்னால் பஞ்சாயத்து கூடியது. எங்கள் பக்கம், பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் நிற்க வேண்டும். ஊரே உட்கார்ந்திருக்க, குந்துக்காரர் ஒருவர் மட்டும் நின்றார். வேறொரு நாளாக இருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள்.

ஊர்க்கவுண்டர் கெட்டவரல்ல. "கால்ல விழுந்து, அடிச்சது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு இங்கயே இருந்துக்க" என்றார்.

குந்துக்காரர் சட்டென்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "அடிச்சதுக்கு மன்னிச்சுக்கங்க சாமி." கூட்டம் பெருமூச்சு விட்டது.

"தப்புன்னு சொல்லு."

அவர் எழுந்தார். நெற்றியில் மண் ஒட்டியிருந்தது. "அத மட்டும் கேக்காதீங்க. தப்புன்னு நான் சொல்லிட்டா, நாளைலேர்ந்து எல்லாரும் நிப்பீங்க."

"அப்ப சாமிய குந்திகிட்டுத்தான் கும்புடணும்ங்கற?"

"தண்ணில மட்டும்ங்க. தரைல நின்னுக்கங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அது அவருக்கு எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் உட்கார்ந்திருந்த ஓரத்திலிருந்து, "அவரு அடிக்கலன்னா நாங்க அஞ்சு பேரும் இன்னிக்கி இல்ல!" என்றேன்.

"படிக்க வெச்சா இதான்" என்றது ஒரு குரல். கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் அவரிடமே திரும்பிக்கொண்டது.

"வுடு தாயி" என்றார் அவர்.

விடிந்ததும் குடிசையைக் காலி செய்துவிட்டு, பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தர்மபுரிச் சாலையில் புறப்பட்டார். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பெரிய கறுப்பு ஆமை எழுந்து நடந்து போவதுபோல இருந்தது. அப்பா கொஞ்சதூரம் கூடவே போனார்.

அடுத்த ஆடிக்கு ஊர் கரையிலேயே நின்று மாவிளக்குக் காட்டியது. தண்ணீருக்குள் போகவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை, ஊர்க்கவுண்டர்கூடச் சொல்லவில்லை. ஏன் என்று யாரும் வாய்விட்டுப் பேசவும் இல்லை. ஆனால் அவரைத் தேடி ஆள் அனுப்பலாம் என்கிற யோசனையும் எவருக்கும் வரவில்லை. வந்திருந்தாலும், எந்தப் பெயரைச் சொல்லிக் காவேரிக்கரையில் தேடுவது?

அவர் இடத்தில் இப்போது வேறொருவர் பரிசல் போடுகிறார். தங்கமான மனிதர். யார் எந்தப் பக்கம் ஏறினாலும், நடுவில் எழுந்து நின்று வெற்றிலை போட்டாலும், சிரித்துக்கொண்டே துடுப்புப் போடுவார். ஊரில் எல்லோருக்கும் அவரைப் பிடித்திருக்கிறது. நான் டவுனில் ஆசிரியைப் பயிற்சிக்குப் படிக்கிறேன். லீவுக்கு வரும்போதெல்லாம் அணையைச் சுற்றிக்கொண்டு, வெயிலில் நடந்தே வீடு வந்து சேருகிறேன். "தண்ணின்னா பயமாடி?" என்று அம்மா கேட்கிறாள். பயம் ஒன்றுமில்லை. அதட்டாத பரிசலில் ஏற மனசு வரவில்லை, அவ்வளவுதான்.