பங்ஷன் அண்ணனும் என் வயிற்றெரிச்சலும்

ஒரே வேலையை இரண்டாம் முறை செய்யச் சொன்னால் உயிரையே விட்டுவிடக்கூடிய மனிதர் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே ஒருவர்தான்: எங்கள் பங்ஷன் அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் சரக்கு கம்பெனியின் ஆபீஸ், கிடங்கு கிள்ளானில். டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ள நானும் அவரும். மூலைக்கடைக்கு நான் தனியாகப் போனால், "அண்ணே, ரொட்டி சானாய் ரெண்டு, பருப்பு தனியா, தே தாரேக் சீனி கொறச்சு" என்று முழுசாக ஒப்பிக்க வேண்டும். அப்படியும் வேறு எதையோ கொண்டுவந்து வைப்பார்கள். அண்ணன் "பசியாற, ரெண்டு பேரு" என்பார், அவ்வளவுதான். இருவருக்கும் எல்லாம் அச்சு மாறாமல் வரும். கடைக்காரரை ஒரே ஒருமுறை உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருந்தார். என் வயிறு எரியத் தொடங்கியது அங்கேதான்.

அப்போதுதான் டீம் லீடர் நாற்காலி காலியானது. எட்டு வருடமாக அதன்மேல் எனக்கு ஒரு கண். அவர் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

சரக்கு என்றைக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல, விடுமுறை நாட்களைக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். ஆபீஸ் இருக்கும் கோலாலம்பூருக்கு ஒரு விடுமுறை, கிடங்கு இருக்கும் சிலாங்கூருக்கு வேறொன்று. அந்தக் கணக்கை முப்பத்தொரு ரிப்போர்ட்டிலும் தனித்தனியாக எழுதிவைத்திருந்தேன். சிலாங்கூர் சுல்தான் பிறந்தநாள் விடுமுறையை நான்கில் மறந்துவிட்டேன்.

"அக்கா, கிடங்கு பூட்டிக் கெடக்கு லா! காவலுக்கு நிக்கிற ஜாகாவத் தவிர ஒரு ஆளு இல்ல!" என்று லோரி டிரைவர் போனில் கத்தினார்.

அண்ணன் டேட்டாபேஸுக்குப் புரியும் மொழியான எஸ்கியூஎல்லில் ஒரு பங்ஷன் எழுதினார். தேதி, மாநிலம், எத்தனை வேலை நாள் என்று மூன்றையும் கொடுத்தால், போய்ச் சேரும் தேதியைத் திருப்பித் தரும். எல்லா ரிப்போர்ட்டும் இனி அதைக் கூப்பிட்டுக் கேட்டால் போதும்.

"இதுக்கா இவ்ளோ பெருமைண்ணே?"

"நீ முப்பத்தொரு பேருக்குத் தனித்தனியா சொல்ற தங்கச்சி. நான் ஒருத்தன்கிட்ட சொல்லிட்டு, அவனக் கேளுங்கன்னு விட்டுடுறேன்."

அது உடைய வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். ஒரு வாரம் தோண்டிக் குற்றம் கண்டுபிடித்தேன். ஒரு விடுமுறை தேதியைக் கொடுத்து, அன்றைக்கே போய்ச் சேரும் சரக்கு என்று பூஜ்யம் நாள் போட்டால், அடுத்த வேலை நாளுக்குத் தள்ளாமல் அந்த விடுமுறை நாளையே திருப்பித் தந்தது! பாஸ் பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஓடினேன்.

"அண்ணே, உங்க பங்ஷன் தப்பு!"

அவர் துள்ளி எழுந்தார். ஒரே வரியைத் திருத்தினார். முப்பத்தொரு ரிப்போர்ட்டும் அந்த நிமிடமே சரியாகிவிட்டன. பாஸ் "பாகுஸ்!" என்று அவர் முதுகில் தட்டினார்.

"கண்டுபிடிச்சது தங்கச்சிதான் பாஸ்" என்றார் அண்ணன். என்னை நிம்மதியாக வெறுக்கக்கூட விடவில்லை அந்த மனுஷன். நாற்காலி அவருக்கே போனது.

மூன்று வருடம் கழித்து ஜொகூரில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டார். இப்போது நாற்காலி எனக்கு. அவருடைய பங்ஷன் பிசகாமல் ஓடுகிறது. ஆனால் வயிறெரிய ஆளில்லாத ஆபீசுக்குப் போக, எனக்குக் காலே வரமாட்டேன் என்கிறது.