அவசர மாப்பிள்ளையை நிறுத்தாதீர்கள்

ஞாயிறு இணைப்பின் ஆசிரியர் அவர்களின் மேலான கவனத்துக்கு,

நீர் வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், அச்சுக்கூடத்தில் உள்ள அனைவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். நான் சௌக்கியமாக இல்லை. காரணம், போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்த தங்கள் கடிதம்.

பார்வை: தங்கள் பத்திரிகையில் இருபத்திரண்டு வருஷமாக வந்துகொண்டிருக்கும் 'அவசர மாப்பிள்ளை' என்ற கார்ட்டூன். மேற்படியை நிறுத்தச் சொல்லி, வருஷத்துக்கு ஒன்று வீதம் நான் அனுப்பிய பத்தொன்பது புகார்கள்.

பழைய ஆசிரியர் தங்கமான மனிதர். ஒரு புகாருக்குக்கூடப் பதில் போட்டதில்லை. புதிதாகப் பொறுப்புக்கு வந்த தாங்கள் அலமாரியைச் சுத்தம் செய்தீர்களாம், என் புகார்களைக் கண்டீர்களாம், மனம் நொந்தீர்களாம். 'வாசகர் ஒருவரை இத்தனை காலம் புண்படுத்தியதற்கு வருந்துகிறோம், அடுத்த மாதம் முதல் நிறுத்திவிடுகிறோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயா, உங்களை யார் அலமாரியைத் திறக்கச் சொன்னது?

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அவசர மாப்பிள்ளை நான்தான். வரைகிறவர் என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான். அந்த வழுக்கை, காதில் செருகிய பேனா, ஆளுக்கு முன்னால் போய்ச் சேரும் தொப்பை எல்லாம் என்னுடையவை. நாலு கட்டம். மூன்று கட்டத்தில் நான் அவசரப்பட்டு எதையாவது கெடுப்பேன். நாலாவதில் என் மனைவி இடுப்பில் கை வைத்து முறைத்தபடி ஒரே ஒரு வரி சொல்வாள். படிக்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். திங்கட்கிழமை கவுண்டரில் உட்கார்ந்தால், பில் கட்ட வந்தவர், "சார், துடைக்கிற வாளிக்குள்ள காலை விட்டது நிஜமாவா?" என்று கேட்பார். நிஜம்தான். அதுதானே எரிச்சல்! என் வீட்டுக்குள் நடப்பது மச்சானுக்கு எப்படித் தெரிகிறது? மேல்வீட்டுத் தையற்காரர்தான் போட்டுக்கொடுக்கிறார் என்று முடிவு கட்டி, ரெண்டு வருஷம் அவரிடம் சட்டை தைக்கக் கொடுக்கவில்லை. "பாவங்க அவரு, அவரை விட்டுடுங்க" என்பாள் மனைவி. என் புகார்களுக்கெல்லாம் தபால்தலை ஒட்டித் தந்தவளும் அவளே.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, அவள் போய்விட்டாள். வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, முதல் புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் அடித்தது. மச்சான். நான்தான் எடுத்தேன். "பழக்கத்துல போட்டுட்டேன் மாப்பிள்ளை. புதன்கிழமைன்னா அவதான் எடுப்பா. அந்த வாரம் நீங்க என்ன பண்ணினீங்கன்னு சொல்லுவா" என்றார். அடிப்பாவி! பத்தொன்பது வருஷம் வீட்டுக்குள்ளேயே இருந்து வேவு பார்த்தது அவளா? எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அழுகைதான் வந்தது. "இனிமே நிறுத்திடட்டுமா?" என்று கேட்டார் மச்சான். வேண்டாம், வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள் என்று அவசர அவசரமாகச் சொன்னேன். வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டியது, ஜன்னல் கம்பி வழியாக எடுக்கப்போய்க் கை மாட்டிக்கொண்டது, தையற்காரர் மெஷின் எண்ணெய் ஊற்றி இழுத்தது, எல்லாம் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையைப் பிரித்தால் நாலாவது கட்டத்தில் அவள் நிற்கிறாள். "முதல்ல கை வரட்டும். அப்புறம் பேசிக்கிறேன்." இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பாள். வாசலிலேயே நின்று அந்த வரியை நாலு தடவை வாய்விட்டுப் படித்தேன்.

அன்றிலிருந்து புதன்கிழமை தவறாமல் நானே சொல்லிவருகிறேன். ஆனால் ஐயா, திட்ட ஆள் இல்லாத வீட்டில் தப்பு செய்யவும் கை வருவதில்லை. சாவி ஆணியில் தொங்குகிறது, பால் பொங்குவதில்லை, மூக்குக்கண்ணாடி வைத்த இடத்திலேயே இருக்கிறது. சரக்கு இல்லாமல் போய், தப்பைத் தேடி வெளியே அலையவேண்டிய நிலைமை. ஒருநாள் பழைய சக ஊழியருக்குப் பிரிவுபசார விழா என்று போனேன். மேடையேறி அவருடைய நேர்மையைப் பற்றிப் பன்னிரண்டு நிமிஷம் பேசி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், முன்பின் தெரியாத ஆள். என் விழா பக்கத்து மண்டபமாம். இவரும் அழுதுகொண்டிருந்தார். என்ன செய்வது? இறங்கி வந்துவிட்டேன். நாலாவது கட்டத்தில் அவள், "யாரும்மா அவருன்னு கேட்டாங்க. எனக்கும் தெரியலைன்னுட்டேன்" என்றாள்.

அந்தக் கார்ட்டூனில் எனக்கு இன்னும் நாற்பத்தைந்து வயசு. அவளுக்கு நாற்பது, தலையில் ஒரு நரை கிடையாது. ஆகவே மேற்படி பத்தொன்பது புகார்களையும் கிழித்துக் குப்பையில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். என் மனம் புண்படவில்லை. புண்பட்டாலும் அது என் மனம், நான் பார்த்துக்கொள்கிறேன். இதை நிறுத்திவிட்டால் என்னைத் திட்ட உலகத்தில் ஒருத்தரும் இல்லை. தயவுசெய்து நிறுத்திவிடாதீங்க ஐயா.

தங்கள் வீட்டார் நூறாண்டு இருந்து, நாள் தவறாமல் தங்களைத் திட்டிக்கொண்டிருக்க வாழ்த்தும்,

ஓய்வுபெற்ற குமாஸ்தா
(அவசர மாப்பிள்ளை)

பின்குறிப்பு: ரெண்டு கையெழுத்து இருந்தால் கடிதத்துக்குப் பலம் என்று மச்சான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். அவர் படம் வரைகிற மேஜையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கடிதத்தை முழுசாகப் படித்தார். கையெழுத்துப் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீங்க கேட்டீங்களேன்னுதான் மாப்பிள்ளை மூணு வருஷமா வரையறேன். சனிக்கிழமை பூரா அந்த ஒரு முகத்துக்கே போயிடுது. அவளைக் கோவமா வரையணும். எனக்கு அந்த முகமே வரமாட்டேங்குது. நீங்க பண்ணினதைச் சொல்றப்போ அவ எங்க கோவமா இருந்தா? சிரிச்சுச் சிரிச்சு பேச்சே வராது. நான்தான் போனை வெச்சுட்டு மறுபடி கூப்பிடுவேன்" என்றார். பிறகு மேஜை டிராயரை இழுத்துக் காட்டினார். பாழாய்ப்போனது என்று ஒதுக்கின காகிதங்கள் அடுக்கடுக்காக இருந்தன. எல்லாவற்றிலும் அவள் சிரிக்கிறாள்.

எனவே மேலே எழுதியதை ரத்து செய்து, பத்தொன்பது புகார்களையும் ஏற்றுக்கொள்ளவும். கார்ட்டூனை நிறுத்திவிடுங்கள். என்னிடம் முறைத்துவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போய் அவள் அப்படிச் சிரித்தது எனக்குத் தெரியாது ஐயா. மச்சான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.