ஒழுக்கக் குழு திருத்திய திருடர்

திருட்டை இந்த உலகத்திலிருந்து அடியோடு ஒழித்தவர்கள் யார் என்று நாளைக்கு வரலாறு கேட்டால், கூசாமல் ஒரு பதில் சொல்லலாம்: ஒரு குழந்தைகள் தொலைக்காட்சியின் ஒழுக்கக் குழு. அரசர்கள் கையை வெட்டிப் பார்த்தார்கள், முடியவில்லை. போலீஸ்காரர்கள் நாய் வளர்த்துப் பார்த்தார்கள்; நாய் கொழுத்ததுதான் மிச்சம். இந்தக் குழுவோ ஒரு நீள மேசை, ஒரு தட்டு பிஸ்கட், குளிரில் பல் கிட்டும் ஓர் ஏசி அறை, இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரே மத்தியானத்தில் வேலையை முடித்துவிட்டது. அந்தத் திருப்பணி நடந்தபோது சுவரோரம் உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் பாப்பாக்காவுக்கு வாய்த்தது.

பாப்பாக்கா என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். தலை முக்கால்வாசி நரைத்தவள், மாடிப்படி ஏறினால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவள். ஆனால் மைக்கின் முன்னால் நின்று ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டாளானால், உள்ளேயிருந்து ஏழு வயதுப் பெண் துள்ளிக் குதித்து வந்துவிடுவாள். கார்ட்டூன் முயல், சோப்பு விளம்பரக் குழந்தை, பறக்கும் குதிரையில் வரும் இளவரசி எல்லோரும் அவள் தொண்டையில் குடியிருந்தவர்கள்தான். டப்பிங் கூடத்தில் அவள் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டால் அவளே கொஞ்சம் யோசிப்பாள்.

அந்தச் சமயத்தில் அவளுக்கு ஜப்பான்காரர்கள் வரைந்த ஓர் அனிமே கார்ட்டூன் தொடர் கிடைத்திருந்தது. அருங்காட்சியகக் காவலாளியின் மகள் ஒருத்தி. முகத்தில் பாதி கண். அவளுக்குச் சிநேகிதர் ஒரு கனவான் திருடர். சாம்பல் நிறக் கோட்டு, காலரில் ஒரு பூ. எங்கே திருடப் போனாலும் முன்கூட்டியே ஒரு சீட்டு அனுப்பிவிடுவார்: ‘வியாழக்கிழமை மாலை தங்கள் முத்துமாலையை எடுத்துக்கொள்ள வருகிறேன். சிரமத்துக்கு மன்னிக்கவும்.’ சொன்ன வேளைக்கு வருவார், எடுப்பார், போவார். ஒவ்வொரு பகுதியும் முடியும்போது அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்பாள்:

“மாமா, சொல்லிட்டுத்தானே எடுத்தீங்க?”

“சொல்லாம எடுத்தா அதுக்குப் பேர் திருட்டு, பாப்பா.”

இந்த வரியைப் படித்த அன்றே பாப்பாக்காவின் மனசு அந்தப் பெண்ணிடம் விழுந்துவிட்டது. முயலுக்கு இளிக்க மட்டும்தான் தெரியும்; சோப்புக் குழந்தைக்கு அதுவும் தெரியாது. இந்தப் பெண் சிரிப்பாள், சண்டை போடுவாள், யோசிப்பாள், யோசிக்கும்போது மூக்கை உறிஞ்சுவாள். இப்படி ஒருத்தி தன் தொண்டைக்கு வருவாளா என்று இத்தனை வருஷமும் காத்திருந்தவள் அவள். முதல் பருவம், அதாவது முதல் சீசன், நன்றாக ஓடினால் இரண்டாம் பருவமும் உங்களுக்கே என்று வேறு சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் வேறு யார் வாய்க்கும் போய்விடக் கூடாது. பாப்பாக்காவின் கவலை அது ஒன்றுதான்.

ஒழுக்கக் குழு கூடியது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். நாட்டின் எதிர்காலம் அந்தக் கண்ணாடியில்தான் இருந்தது.

“திருடர்ங்கற வார்த்தையே குழந்தைங்க காதுல விழக் கூடாது.”

“சார், தொடரே திருடரைப் பத்தினதுதானே?” என்றார் வசனம் எழுதுகிறவர்.

“அதனாலதானே சொல்றேன்!”

“அப்ப அவர் யாரு சார்?”

அறை ஆழ்ந்த சிந்தனையில் மூழ்கியது. கடைசியில் பட்டுப்புடவை கட்டிய பெண் உறுப்பினர் கண்ணைத் திறந்து மொழிந்தார்: “பொருள் பாதுகாப்பு அலுவலர்.”

கைதட்டல். பிஸ்கட்.

“முத்துமாலையை எடுத்துக்கிட்டுப் போறாரே மேடம்?”

“எடுக்கல. பத்திரப்படுத்தறார்.”

“எதுக்குன்னு பாப்பா கேட்டா?”

“உங்க நன்மைக்குத்தான்னு சொல்லட்டும்.”

“பின்னாலயே இன்ஸ்பெக்டர் துரத்திக்கிட்டு ஓடறாரே சார்?”

“நம்ம அலுவலர் குடையை மறந்து வெச்சுட்டுப் போயிட்டார்” என்றார் தலைவர். “கொடுக்கறதுக்காக ஓடி வர்றார். பாருங்க, அதுல ஒரு நீதியும் இருக்கு.”

“கையில துப்பாக்கி இருக்கே சார்.”

தலைவர் திரையை உற்றுப் பார்த்தார். இப்படிப்பட்ட நெருக்கடியில்தான் பெரிய மனிதர்கள் வெளிப்படுகிறார்கள்.

“மடக்குக் குடை” என்றார்.

பாப்பாக்கா அதுவரை வாய் திறக்கவில்லை. கடைசி வரிக்குச் சிவப்பு மையில் கோடு விழுந்ததும்தான் எழுந்தாள்.

“சார், அந்த ஒரு வரியை மட்டும் விட்டுடுங்க சார். அந்தப் பொண்ணோட உயிரே அதுலதான் இருக்கு.”

தலைவர் பாசத்தோடு சிரித்தார். “ஏம்மா, உங்களுக்கு அந்த வரி வேணுமா, ரெண்டாவது பருவம் வேணுமா?”

பாப்பாக்கா எச்சிலை விழுங்கினாள். அந்த வரியும் அதோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. “மாமா, பத்திரமா வெச்சிருக்கீங்களா?” “உன் நன்மைக்குத்தான் பாப்பா” என்று முடிவு மாறியது.

டப்பிங் தொடங்கியதும் சின்னச் சிக்கல் ஒன்று வந்தது. திரையில் இருப்பவன் வாய் திறந்தால் நாமும் திறக்க வேண்டும், அவன் மூடினால் நாமும் மூட வேண்டும். தொழிலின் சட்டமே அதுதான். திருடரோ வாயைச் சட்டென்று நான்கு தடவை அசைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார். ‘எடுத்துட்டேன்’ என்றால் அச்சாக உட்காரும். குழு கொடுத்ததோ, ‘பராமரிப்பு நோக்கத்துடன் தற்காலிகமாகப் பத்திரப்படுத்தியுள்ளேன்.’ மனிதர் தேநீரைக் குடித்து, கோப்பையைக் கவிழ்த்து, ஜன்னல் வழியாகக் குதித்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தார்.

திருடருக்குக் குரல் கொடுத்தவரைக் கட்டைக்குரல் அண்ணன் என்பார்கள். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். “பாப்பாக்கா, இவர் மாலையைப் பத்திரப்படுத்தறதுக்குள்ள என்னைக் கொண்டுபோய்ப் புதைக்கணும் போலிருக்கே!”

“தண்ணி குடிங்கண்ணே. இன்னும் கிரீடத்தைப் பத்திரப்படுத்தற பகுதி பாக்கி இருக்கு.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர்தான் வழி கண்டுபிடித்தார். திருடர் முதுகைக் காட்டி நிற்கும் இடமாகப் பார்த்து வசனத்தைத் தள்ளி வைத்தார்கள். முதுகுக்கு வாயசைவு கிடையாது அல்லவா? அன்றிலிருந்து அந்தக் கனவான், உண்மையைத் தவிர வேறு எதையாவது சொல்ல வேண்டி வந்தால், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டே சொன்னார். என்ன அடக்கமான மனிதர் என்று பெற்றோர்கள் மெச்சினார்கள்.

தொடர் ஓடு ஓடென்று ஓடியது. கடைசி நாள் வேலை முடிந்ததும் ஒலிப்பதிவாளர், “அக்கா, ஒரு சின்ன மைக் டெஸ்ட்” என்றார். அந்தச் சின்ன டெஸ்ட் நாள் பூராவும் நடந்தது. சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். அழச் சொன்னார்கள், அழுதாள். அம்மாவைக் கூப்பிடு, விக்கு, கொட்டாவி விடு, கோபத்தில் காலை உதை என்று எல்லாம் கேட்டார்கள். தும்மல் சரியாக விழவில்லை என்று ஒலிப்பதிவாளர் தயங்கினபோது, பாப்பாக்காவே மூக்குப்பொடி வாங்கிவரச் சொல்லித் தும்மிக் கொடுத்தாள். அப்படியொரு தொழில் பக்தி.

மறு மாதம் அவள் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு வாரம் மூச்! பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாப்பாக்கா அடுப்படியில் சைகையிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் முன்கூடத்திலிருந்து அவள் வீட்டுக்காரர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஓர் இரைச்சல் போட்டார்.

“ஏய்! தொண்டை சரியில்ல, பேசக்கூடாதுன்னு டாக்டர் தலையால அடிச்சுக்கிட்டார்ல? அங்க போய் என்னமாப் பேசிட்டு வந்திருக்கே!”

பாப்பாக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். தொலைக்காட்சியில் இரண்டாம் பருவம். புது ஊர், புதுக் கிரீடம், அதே பெண். சிரிக்கிறாள், சண்டை போடுகிறாள், யோசிக்கும்போது மூக்கை உறிஞ்சுகிறாள். எல்லாம் பாப்பாக்காவின் குரல். அந்தத் தும்மல்கூட அவளுடையதுதான்.

அவள் கரண்டியால் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, இல்லை இல்லை என்று கையை ஆட்டினாள்.

“நீ பேசலியா? அப்ப உள்ள இருக்கறது யாரு?” என்று கேட்ட மனிதர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்ல எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார்.

வாரம் முடிந்ததும் பாப்பாக்கா குழுவின் முன் போய் நின்றாள்.

“நான் பேசாம என் குரல் எப்படி சார் பேசுது?”

“கம்ப்யூட்டர்மா!” என்று தலைவர் பூரித்தார். “அன்னிக்கு மைக் டெஸ்ட் பண்ணினோமே, உங்க குரல் மொத்தமும் இப்ப அதுக்குள்ள இருக்கு. இனிமே அதுவே பேசிக்கும்.”

“என்கிட்டேருந்து எடுத்துட்டீங்களா?”

“சேச்சே! எடுக்கல. பத்திரப்படுத்தியிருக்கோம்.”

“தற்காலிகமா” என்றார் பட்டுப்புடவை உறுப்பினர்.

“எதுக்கு மேடம்?”

“உங்க நன்மைக்குத்தான். தொண்டைக்கு ரெஸ்ட் வேணாமா?”

பாப்பாக்காவுக்குச் சுருக்கென்று ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு தேடியது. அந்தச் சொல்லைத்தான் இவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து, இரண்டாம் பருவத்துக்கு ஆசைப்பட்டு அவளும் கூடச் சேர்ந்து, ஒரு பருவம் முழுக்கத் துடைத்து எறிந்திருந்தார்களே! வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

வந்தவள் டாக்டர் கொடுத்திருந்த விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் முத்துமுத்தாக எழுதினாள்: ‘வியாழக்கிழமை மாலை என் குரலை எடுத்துக்கொள்ள வருகிறேன். சிரமத்துக்கு மன்னிக்கவும்.’

“நானும் வரட்டுமா?” என்றார் வீட்டுக்காரர்.

“நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க?”

“விசில் அடிக்கிறேன்.”

சீட்டு போய்ச் சேர்ந்ததும் அலுவலகம் அல்லோலகல்லோலப்பட்டது. அவசரக் கூட்டம் போட்டார்கள். கம்ப்யூட்டரைச் சைக்கிள் சங்கிலியால் மேசையோடு கட்டினார்கள். குரல் இருந்த கறுப்புப் பெட்டியைத் தலைவரின் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று நிஜ இன்ஸ்பெக்டர் ஒருவரையும் வரவழைத்தார்கள். அவர் குடை கொண்டுவரவில்லை.

வியாழக்கிழமை மாலை பாப்பாக்கா வந்தாள். வீட்டுக்காரரின் பழைய கண்டக்டர் கோட்டு, காலரில் ஒரு பூ. முழங்கால் வலிக்காக லிப்டில்தான் ஏறினாள் என்றாலும் வருகை கம்பீரமாகவே இருந்தது. வீட்டுக்காரர் வாசலிலேயே விசிலோடு நின்றுகொண்டார்.

“என்ன சார் காணோம்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இன்னும் காணாம போகல. இந்தம்மா எடுக்க வந்திருக்காங்க” என்றார் தலைவர்.

“எதை?”

“குரலை.”

“யாரோட குரலை?”

தலைவர் பட்டுப்புடவையைப் பார்த்தார். பட்டுப்புடவை ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். ஒலிப்பதிவாளர் பிஸ்கட் தட்டைப் பார்த்தார்.

“அவங்களோடதுதான்…”

“அவங்க குரல் இங்க எப்படி வந்தது?”

“நாங்க பத்திரப்படுத்தியிருக்கோம்.”

“ரொம்ப நல்லதாப் போச்சு. உடையவங்க வந்துட்டாங்க, கொடுத்துடுங்க” என்று இன்ஸ்பெக்டர் எழுந்து கிளம்பினார்.

பாப்பாக்கா கையை நீட்டிக் கறுப்புப் பெட்டியைத் தொட்டாள். அவ்வளவுதான். தலைவர் நாற்காலியிலிருந்து எகிறினார்.

“ஐயையோ, திருட்டு! திருட்டு!”

வாசலில் விசில் வீறிட்டது. எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். ஒலிப்பதிவாளர் மட்டும், பழக்க தோஷம், தலைவரின் வாயையே பார்த்தபடி, “வாயசைவு கச்சிதம் சார். டேக் ஓகே” என்றார்.

பாப்பாக்கா தொண்டையைச் செருமினாள். இடுப்பில் கை வைத்தாள். நரைத்த தலைக்குள்ளிருந்து அந்தப் பெண் துள்ளி வெளியே வந்தாள்.

“நான் சொல்லிட்டுத்தானே மாமா எடுக்க வந்தேன்? நீங்க?”

போன இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“நல்ல கேள்வி. எடுக்கறதுக்கு முன்னாடி இந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா சார்?”

ஒழுக்கக் குழுத் தலைவர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

“பராமரிப்பு நோக்கத்துடன், தற்காலிகமாக…” என்று தொடங்கினார்.

என்ன அடக்கமான மனிதர்!