சம்பந்திக்கு எத்தனை சதவீதம்?

மெர்சிங்,
வியாழக்கிழமை.

அன்பும் அறிவும் நிறைந்த, அதிலும் அறிவு தேவைக்குச் சற்று அதிகமாகவே நிறைந்த, நஸீமா லாத்தாவின் மகன் ஆசிமுக்கு,

உன் தாய்மாமன் முனீர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மாமி ஜாஹிதாவும் மகள் ஆப்ரினும் நலம். அங்கே ஜொகூர் பாருவில் நீயும் உன் உம்மாவும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். இப்படி எழுதுவது முறை. முறையைச் செய்து முடித்துவிட்டேன். இனி நிலைமையை எழுதுகிறேன்.

கையில் போன் இருக்கும்போது மாமா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நீ நினைக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதலாம் என்றால், ஆப்ரினுக்குச் சம்பந்தம் பேசி முடித்த சந்தோஷத்தில் சம்பந்தி நவ்சாத்தையும் அவர் வீட்டில் பதினொரு பேரையும் அந்தக் குழுவில் சேர்த்தது நான்தான். தனியாகப் பேசலாம் என்றால், நீ காலையில் சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் நிற்கிறாய், இரவில் திரும்பும் பாலத்தில் நிற்கிறாய், இடையில் அலுவலகக் கூட்டத்தில் இருக்கிறாய். உன் இணையதளத்தில் 'உங்கள் கருத்து' என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதிலும் எழுதிப் பார்த்தேன். இருநூறு எழுத்துக்கு மேல் அது வாங்கிக்கொள்ளவில்லை. என் துயரம் முதல் வாக்கியத்திலேயே நின்றுபோனது. "உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி" என்று பதில் வந்தது. அப்படியானால் நீங்களும் இப்போது நன்றாக இல்லை என்றுதான் பொருள்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். ஜொகூர் முழுவதும் உள்ள கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடைகளின் விலைகளை ஒரே திரையில் ஒப்பிட்டுக் காட்டும் 'மலிவெங்கே' தளத்தை நீ தொடங்கியபோது, மெர்சிங் படகுத்துறைக்கு எதிரே பதினாறு வருடமாகக் கடை வைத்திருக்கும் என்னையும் அதில் சேர்த்தாய். பெருமையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விலை போடச் சொன்னாய். வம்பு அங்கே தொடங்கியது. நம் கடையில் எந்தப் பொருளிலும் விலைச்சீட்டு கிடையாது என்பது உனக்குத் தெரியும். ஒருவர் வந்து "இந்த ஹார்ட் டிஸ்க் எவ்ளோ?" என்று கேட்டால் நான் "எந்த ஊரு நீங்க?" என்று கேட்பேன். பிறகு யார் வீட்டுப் பிள்ளை, யாரைக் கட்டியிருக்கிறார், அவருடைய வாப்பாவோ அப்பாவோ இப்போது எங்கே இருக்கிறார் என்றெல்லாம் விசாரிப்பேன். அதற்குப் பிறகுதான் விலை பிறக்கும். உன் தளமோ ஆள் வருவதற்கு முன்பே விலையைக் கேட்டது. நான் வழக்கமாக முதலில் வாயால் சொல்லும் விலையைப் போட்டேன். அந்த விலையைப் பதினாறு வருடத்தில் ஒருவரும் கொடுத்ததில்லை. யாராவது கொடுத்தால் நானே பயந்துபோவேன். விளைவாக, நாற்பத்தொரு கடைகளில் என் கடை நாற்பத்தொன்றாவது இடத்தில் நின்றது.

"மாமா, உண்மையான வெலைய போடுங்க லா" என்றாய்.

"யாரு கேக்குறாங்கன்னு தெரியாம உண்மையான வெலைய எப்படிடா சொல்றது?"

"அப்ப அதையும் கேட்டுட்டா போச்சு."

இந்த நான்கு சொற்களுக்காக உன்னை மன்னிப்பதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மறுவாரமே தளத்தில் மேம்பாடு வந்துவிட்டது. வாங்குகிறவர் பொருளைத் தேர்ந்தெடுத்ததும் "கடைக்காரருக்கு நீங்கள் என்ன உறவு?" என்று அது கேட்கும். பட்டியலில் உறவை அழுத்தினால் அதற்குரிய தள்ளுபடி போக மிச்ச விலையைக் காட்டும். கட்டுப்படியானால் அந்த விலைக்கே முன்பதிவு செய்துவிட்டு நேரில் வந்து எடுத்துக்கொள்ளலாம். எந்த உறவுக்கு எத்தனை சதவீதம் என்று நிரப்புவதற்கு எனக்கு ஓர் அட்டவணை அனுப்பினாய். ஒரு மதியம் கடையில் உட்கார்ந்து நிரப்பினேன். பக்கத்தில் உன் மாமி உட்கார்ந்திருந்தாள். ஆகவே மனைவியின் உடன்பிறந்தார் எட்டு, என் உடன்பிறந்தாரும் அவர்கள் பிள்ளைகளும் ஐந்து என்று அமைந்தது. பள்ளித் தோழர்கள் நான்கு. படகோட்டிகள் மூன்று. மகளின் ஆசிரியர்களுக்கு மூன்று போட்டுவிட்டு, அவள் படித்து முடித்துவிட்டதை நினைத்து இரண்டாக்கினேன். முன்பின் தெரியாதவர் ஒன்று. கடை தேடி வந்தவரை வெறுமனே அனுப்பக் கூடாது. 'சம்பந்தி' என்ற கட்டத்துக்கு வந்தபோது கை நின்றது. நாம் பெண்ணைக் கொடுக்கப்போகும் வீட்டாரிடம் காசு வாங்குவதா? பொருளை அவர் கையில் கொடுப்போம். அவர் சட்டைப்பையில் கை வைப்பார். நாம் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வோம். இரண்டு நிமிடம் மல்லுக்கட்டுவோம். பார்க்கிறவர்கள் சண்டை என்று நினைக்கும் அளவுக்கு அந்த மரியாதை நடக்கும். இதை எப்படி எண்ணால் எழுதுவது? அந்தக் கட்டத்தை மட்டும் மரியாதையோடு காலியாக விட்டேன்.

காலியான கட்டத்தை உன் தளம் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது.

இது எனக்கு உடனே தெரியவில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. மனைவியின் உடன்பிறந்தாருக்கு எட்டு சதவீதம் என்ற செய்தி அதற்குள் மாநிலம் முழுவதும் பரவிவிட்டது. உன் மாமிக்கு உடன்பிறந்தவர் ஒரே ஒரு தம்பி. முதல் வாரத்தில் அவர்கள் அறுபத்து மூன்று பேரானார்கள். படகுத்துறையில் டிக்கெட் விற்கும் ஆ செங் பத்து வருடமாக என்னை "பாஸ்" என்று கூப்பிட்டவர், அன்று வாசலிலிருந்தே "மச்சா!" என்று கையை விரித்துக்கொண்டு வந்தார். காஹாங்கில் செம்பனைத் தோட்டச் சாலையோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் வெள்ளையம்மா, நெற்றி நிறைய விபூதியோடு, கடைக் கேமராவுக்கு ஹார்ட் டிஸ்க் எடுக்க வந்தார்.

"நீங்க ஜாஹிதாவுக்கு என்னம்மா வேணும்?"

"கூடப் பொறந்தவ."

"எப்படிம்மா? நீங்க வெள்ளையம்மா, அவ ஜாஹிதா."

"ஏன் தம்பி, ரெண்டு பேரும் குளுவாங் அரசாங்க ஆஸ்பத்திரியிலதானே பொறந்தோம்? ஒரே வார்டு. நான் முன்னால வந்தேன், அவ பின்னால வந்தா. ஒங்க வூட்டுக்காரிய வேணா கேட்டுப் பாருங்க."

கேட்டேன். உன் மாமி குளுவாங் ஆஸ்பத்திரிதானாம். எட்டு சதவீதம் கழித்தேன். உன் மாமி அவருக்குத் தேநீர் கொடுத்தாள். இப்போது இருவரும் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். அந்த ஹார்ட் டிஸ்க்குக்குப் பிறகு அவரிடம் வேறொன்றும் விற்கவில்லை. அதோடு வெள்ளையம்மா உன் தளத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, "காஹாங் சாப்பாட்டுக் கடைக்கு எட்டு சதவீதம் கழிச்சாங்க, சொந்தக்காரங்கள மதிக்கிற கடை" என்று எழுதியும் வைத்தார்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். உப்புக் காற்றில் பொருள்கள் துருப்பிடிக்கும் ஊரில் பதினாறு வருடம் கம்ப்யூட்டர் விற்றவனுக்கு ஓரளவு பொறுமை உண்டு. செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. நவ்சாத்தை உனக்குத் தெரியும். பாசிர் கூடாங்கில் ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். எதையும் இரண்டு முறை சரிபார்க்கிறவர். அவர் மகன் இர்ஷாத்துக்கும் நம் ஆப்ரினுக்கும் நிக்காஹ் தேதி குறிக்க வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே வருவதாக இருக்கிறார்கள். இர்ஷாத் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் கட்டுகிறான். அதற்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். சம்பந்தி கடை இருக்கும்போது வேறெங்கே வாங்குவது என்று நவ்சாத் தாமே ஆசையாக உன் தளத்தைத் திறந்து, 'சம்பந்தி' என்று பெருமையோடு அழுத்தியிருக்கிறார். தள்ளுபடி பூஜ்யம் என்று வந்திருக்கிறது. உன் தளம் அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அதற்கு உன்னைப் போலவே உதவும் குணம். கீழே பச்சை எழுத்தில் யோசனையும் சொல்லியிருக்கிறது: "சம்பந்தியாக வாங்குவதைவிட முன்பின் தெரியாதவராக வாங்கினால் உங்களுக்கு 18 ரிங்கிட் மிச்சம்."

அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"அலோ, மொதலாளிங்களா?"

"அட, சம்மந்தி! என்ன, மொதலாளின்னு எல்லாம் சொல்றீங்க?"

"இல்லீங்க, நான் முன்பின் தெரியாதவன் பேசுறேன். ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வேணும்."

"என்ன சம்மந்தி இது வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்லீங்க. சம்மந்தியா வந்தா பதினெட்டு வெள்ளி நட்டமாம், ஒங்க கடைதான் சொல்லுது. நான் சம்பளக்காரன். எனக்கு எது கட்டுப்படியாகுதோ அப்படித்தானே வர முடியும்?"

"அந்தக் கட்டத்த நான் மரியாதைக்காகக் காலியா விட்டேங்க..."

"மரியாதை காலியா இருக்கிறதத்தான் நானும் பாத்தேன். படகு ஓட்டுறவருக்கு மூணு. காஹாங்குல சோறு விக்கிற அம்மாவுக்கு எட்டு. ஒங்க பொண்ணுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவருக்குக்கூட ரெண்டு. எங்க ஷிப்ட்டுல நாப்பது பேரும் பாத்துட்டானுங்க. கேன்டீன்ல ஒருத்தன், 'என்ன சீரோ, சாப்டாச்சா?'ங்கிறான். ஞாயித்துக்கெழமை வரணுமான்னு வூட்டுல கேட்டுச் சொல்றேன். வைக்கிறேங்க மொதலாளி."

வைத்துவிட்டார். நான் உன் மாமியைப் பார்த்தேன். "எந்தம்பிக்கு எட்டு போட்டதுதான் தப்புங்கிறீங்களா?" என்றாள். எப்படித்தான் கண்டுபிடிக்கிறாளோ தெரியவில்லை. அட்டவணையைத் திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். தள்ளுபடியை முப்பது நாளுக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்று உன் தளம் சொன்னது. ஆளுக்கு ஒரு விலை சொல்லும் கடைக்காரர்களைக் கட்டுப்படுத்தவே இந்த விதி என்று விளக்கமும் எழுதியிருக்கிறாய். அந்த விதியை எழுதும்போது யாரை மனத்தில் வைத்திருந்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆப்ரின் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கீபோர்டுகளைத் துடைக்கிறாள். துடைத்தவற்றையே எடுத்து மறுபடி துடைக்கிறாள். இர்ஷாத்தைப் பிடித்திருக்கிறதா என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் "ஒங்க இஷ்டம் வாப்பா" என்று மட்டுமே சொன்ன பெண். பதில் எனக்கு இப்போதுதான் கிடைத்தது, இருபத்தாறு கீபோர்டுகளின் வழியாக.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் சம்பந்தி என்ற கட்டத்தில் நூறு என்று போடு. முழுத் தள்ளுபடி. நான் காலியாக விட்டுச் சொல்ல நினைத்தது அதுதான் என்று நவ்சாத் கண்ணால் பார்க்கட்டும். வேறு எந்த மேம்பாடும் வேண்டாம். அடுத்ததாக விலைகளின் ஏற்ற இறக்கத்தைக் கோடு போட்டுக் காட்டப்போவதாகச் சொன்னாயே, அதைத் தயவுசெய்து மறந்துவிடு. உறவுகளின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் காட்டும் அளவுக்கு நீ கெட்டிக்காரன்.

உன் உம்மாவுக்கு என் ஸலாமைச் சொல். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல உடல்நலத்தையும் மிகக் குறைந்த ஓய்வு நேரத்தையும் தருவானாக.

உன் மாமா,
முனீர்.

பின்குறிப்பு: ஞாயிறு மாலை. மேலே கேட்டதைச் செய்யாதே. செய்துவிட்டாய் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். நான் தபால்தலை வாங்கி வருவதற்குள் ஆப்ரின் இதைப் படித்துவிட்டு, "இதுக்குப் போயி கடுதாசியா வாப்பா?" என்று உனக்கு ஒரு வரி தட்டிவிட்டாள். நீயும் பாலத்தில் நின்றபடியே சம்பந்திக்கு நூறு போட்டாய். கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத மாமாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, முன்பதிவுகளை உரக்க வாசிக்கும் ஒரு குரலையும் சேர்த்துவிட்டாய். இன்று சம்பந்தி வீட்டார் வந்தார்கள். நவ்சாத் என்னைக் கட்டிப்பிடித்தார். "எங்க ஃபேக்டரியில யாருக்கும் நூறு கெடையாது சம்மந்தி" என்று கண் கலங்கினார். தேநீர் வந்தது. தேதியைப் பேச ஆரம்பித்தோம். அப்போது கல்லாவிலிருந்த போன் பேசியது: "புதிய முன்பதிவு. பொருள், பிராசசர். உறவு, சம்பந்தி. ஊர், பத்து பஹாட்." நவ்சாத் சிரித்தார். "புதிய முன்பதிவு. பொருள், மதர்போர்டு. உறவு, சம்பந்தி. ஊர், மூவார்." சிரிப்பதை நிறுத்தினார். குளுவாங் வந்தது, செகாமட் வந்தது, பொந்தியான் வந்தது. போனை எப்படி அணைப்பது என்று யாருக்கும் தோன்றவில்லை. நூற்றுப் பதினேழு வரை எண்ணினேன். நவ்சாத் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒங்களுக்கு ஒரே பொண்ணுதானே? எத்தன வூட்டுல பேசி வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் வீட்டார் எல்லோரும் பின்னால் போனார்கள், இர்ஷாத்தைத் தவிர. அவன் ஆப்ரினுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சம்பந்திகளை ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டிருக்கிறான். அவள் ஊர்ப்பெயரைப் படிக்கிறாள், அவன் அழிக்கிறான். சில ஊர்ப்பெயர்களை அவள் இரண்டு முறை படிக்கிறாள். வெளியே கார் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. உன் மாமி தேநீரைக் காருக்கே கொடுத்தனுப்பிய பிறகு ஓய்ந்திருக்கிறது. இன்னும் எண்பத்து நான்கு பேர் இருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே அழுத்தில் நீக்கும் பொத்தான் ஒன்றை நீ அடுத்த மேம்பாடாக யோசித்து வைத்திருந்தால், இன்றைக்குச் சேர்த்துவிடாதே.