அரக்குப் பட்டும் ‘எளிய எண்’ணும்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் பெயர் உலகத்துக்குத் தெரியாது. எண்களைச் சுலபமாகப் படிக்க வைத்தவன் பெயர் தெரியும்: பார்த்திபன். அடியேன்தான். ஆண்டு 1999, ஊர் ஆரணி.

தனகோடி முதலாளியின் சாயப்பட்டறைக்கு நான் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேருக்கு ‘எளிய எண்’ என்று பெயர். 1,23,456 என்பதை ‘1.2 லட்சம்’ என்று காட்டும். ஒன்றுக்கும் கீழே ஒளிந்துகொண்டு கண்ணைப் படுத்தும் அற்ப எண்களைப் பூஜ்யமாக்கிவிடும். முதலாளி சொக்கிப்போய்த் தன் மகள் பரிமளாவையே எனக்கு நிச்சயம் செய்தார். அன்று முதல் அவர் எனக்கு மாமா.

முகூர்த்தப் புடவை அரக்கு நிறத்தில்தான் வேண்டும் என்றாள் பரிமளா. அவளுடைய பட்டு நூலும் கல்யாண சீசனுக்கான மற்ற நூலோடு பெரிய தொட்டியில் இறங்க வேண்டும். சிவப்புச் சாயம் மூன்று கிலோ, கறுப்பு 0.02 கிலோ. பிரிண்டர் கிறீச்சிட்டுச் சீட்டைத் துப்பியது: ‘சிவப்பு 3, கறுப்பு 0.’

மாமா பதறிப்போனார். “இன்னா மாப்ள, கல்யாணப் பட்டுக்குப் பூஜ்யம் போட்டுகினு கீற? மொய்யே நூத்தியொண்ணுன்னுதான் எழுதுறோம். ஜல்தியா ஒண்ணு போடு!”

‘வாடிக்கையாளர் கருத்துக்கு உரிய மதிப்பு’ அளித்தேன். பூஜ்யம் வரும் இடமெல்லாம் மங்கலமாக 1 வந்தது. ‘சிவப்பு 3, கறுப்பு 1.’ அடடா, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்! சாயம் போடும் ஜெயவேல், கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதென்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு கிலோ கறுப்பைக் கொட்டினார்.

நூல் அடுப்புக்கரி நிறத்தில் வெளியே வந்தது.

“இதான் அரக்கா?” என்றாள் பரிமளா. கண் கலங்கியிருந்தது.

“தப்பு பாயின்ட் ஒன்பது எட்டுதான் பரிமளா. முழுசா ஒரு கிலோகூட இல்ல.”

“உங்க வயசு முப்பதுன்னீங்களே, அதுவும் இந்த சாஃப்ட்வேர் சொன்னதா?”

“முப்பத்திநாலு. படிக்கச் சுலபமா இருக்கட்டுமேன்னு...”

“அப்பா! எனக்கு இந்த ஆளு வேணாம்பா.”

மாமா என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

அடுத்த தையில் பரிமளாவுக்குக் கல்யாணம். அசல் அரக்குப் பட்டு. மாப்பிள்ளை மட்டும் செய்யாற்றுக்காரர். நானும் போய் நூற்றொன்று மொய் எழுதிவிட்டு, கடைசிப் பந்தியில் உட்கார்ந்தேன். அந்தக் கல்யாணத்தில் என் பங்கு துல்லியமாக 0.02. சுலபமாகப் படித்தால், பூஜ்யம். அதை அழித்துவிட்டு மங்கலமாக ஒன்று போடச் சொல்லி, மறுபடியும் முதலாளியாகிவிட்ட தனகோடி வாயே திறக்கவில்லை.